சிரித்ததற்கு மன்னிப்பு

அன்புள்ள மொட்டை,

எட்டு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். தாடியும் நலம், தாடிதான் இப்போது இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டே கவுன்டர் இருந்தால் டூரிங் இயந்திரம் செய்வதை எல்லாம் செய்துவிடலாம் என்று ஹாஸ்டல் மாடியில் நீ சொன்னாய், நான் சிரித்தேன். டூரிங் இயந்திரமாவது முடிவில்லாத நாடாவில் தலையை நகர்த்தி, குறிகளைப் படித்து, எழுதி, கணினி போடும் எந்தக் கணக்கையும் போட்டுவிடும்; கவுன்டருக்கோ ஓர் எண்ணில் ஒன்று கூட்ட, ஒன்று குறைக்க, பூஜ்யமா என்று பார்க்க மட்டும்தானே தெரியும்! அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் வகுப்பில் இரண்டும் சமம் என்று நிறுவப் போனேன். நாடாவில் இரண்டு எண்களை எழுதி, கூட்டி, குறைத்து, பூஜ்யமா என்று பார்த்து, கவுன்டர் இயந்திரம் செய்வதை டூரிங் இயந்திரத்தால் செய்து காட்டினேன். முடிந்தது என்று சாக்பீஸை வைக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், டூரிங் இயந்திரம் குறைந்தது இல்லை என்றுதானே இதில் வருகிறது? மறுபக்கம்?" என்றாள். பெரியவன் சின்னவன் மாதிரி நடிப்பதில் என்ன அதிசயம்! சின்னவன் அல்லவா பெரியவன் மாதிரி நடிக்க வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன் என்று ஓடி வந்துவிட்டேன்.

இரவு உட்கார்ந்து போட்டேன். தலை நிற்கும் இடத்தில் நாடாவை வெட்டினால் இரண்டு ஸ்டாக், அதாவது மேலேயே வைத்து மேலிருந்தே எடுக்கும் குவியல். குறிகள் 1, 2 மட்டும் என்று வை, ஸ்டாக்கே ஓர் எண்: 12-இன் மேல் 2 வைத்தால் 122. பத்தால் பெருக்கி 2 கூட்டினால் போதும். மேலே இருப்பதை எடுக்கப் பத்தால் வகு, மீதிதான் அந்தக் குறி. பெருக்குவதும் சுலபம்: இந்தக் கவுன்டரில் ஒன்று குறைக்கும்போதெல்லாம் அந்தக் கவுன்டரில் பத்து ஏற்று. ஸ்டாக்குகளுக்கு இரண்டு, எடுபிடிக்கு ஒன்று, ஆக மூன்று.

அப்புறம் உன் திருட்டுவேலை. மூன்று எண்களையும் 2, 3, 5 ஆகியவற்றின் அடுக்குகளாக்கி, பெருக்கி, ஒரே கவுன்டரில் ஒளித்துவை. முதலாவதில் ஒன்று ஏற்ற 2-ஆல் பெருக்கு. மூன்றாவது காலியா என்று பார்க்க 5-ஆல் வகுபடுகிறதா பார். உள்ளீட்டையும் இப்படியே பொதிந்து கொடுத்தால் எடுபிடியோடு சேர்த்து இரண்டே கவுன்டர். நீயே கண்டுபிடித்த மாதிரி அளந்தாயே, மார்வின் மின்ஸ்கி 1961-லேயே செய்துவிட்டாராம். பிராடு!

ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. ஒரு ஸ்டாக்கில் பத்தே குறி இருந்தாலும் அது பத்து இலக்க எண். 2-க்கு அதை அடுக்காகப் போட்டால் 30 கோடி இலக்கங்களைத் தாண்டுகிறது, அதையும் ஒவ்வொன்றாகக் குறைத்து எண்ண வேண்டும். பல நாடா உள்ள டூரிங் இயந்திரத்தை ஒரே நாடாவில் ஓட்டினாலோ நேரம் பழைய நேரத்தின் வர்க்கத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் 'சமம்' என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் போர்டில் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே கவுன்டர் போதாதா சார்?" என்றாள். போதாது என்றேன். ஏன் என்று திங்கட்கிழமை கேட்பாள். அதற்குள் எழுது.

உன்,
குட்டையன்