ஆய்வுக்கூடத் தலைவர்களுக்கு: ஒரே குப்பி, பல ஆயுள்

மதிப்பிற்குரிய ஆய்வுக்கூடத் தலைவர்களுக்கும் தரப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூரில் ஹார்மோன் பரிசோதனைப் பிரிவில் பல ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கிறவள் எழுதுகிறேன்.

ஓர் இரவு ஏசிடிஎச் (அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) கண்ட்ரோல், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க ஓட்டும் அளவு தெரிந்த மாதிரி, வரம்புக்குக் கீழே வந்தது. கண்ட்ரோலின் அன்றாட முடிவுகளைக் குறிக்கும் லீவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தால், நான்கு நாள்களாகவே புள்ளிகள் படிப்படியாக இறங்கியிருந்தன. எங்கள் சந்தேகமெல்லாம் கருவியின்மேல்தான். ரீஏஜென்டை (சோதனை வேதிப்பொருளை) மாற்றினோம், கேலிபிரேஷனையும் (கருவியின் அளவுத்திருத்தத்தையும்) மறுபடி செய்தோம். விடியும்வரை ஒரு முடிவையும் வெளியிட முடியவில்லை. கடைசியில்தான் கண்ட்ரோல் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நம் ஊர் ஈரப்பதத்தில், குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்ததுமே குப்பி வியர்த்துவிடும். அந்த ஈரத்தில் மை கரைந்து, திறந்த தேதி 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. புதுக் குப்பியிலிருந்த தூளைக் கரைத்து வைத்தோம். புள்ளி நடுக்கோட்டருகே போய் உட்கார்ந்தது.

ஏசிடிஎச் அவ்வளவு மென்மையானது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் அதைத் துண்டாடிவிடும். கண்ணாடியிலும் அது ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நோயாளியின் இரத்தத்தை, அது உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து ஓடோடி வருகிறோம். அதே ஹார்மோனுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய கண்ட்ரோலையோ மேசைமேல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கார்ட்டிசால், தைராக்சின் போன்றவை தாக்குப்பிடிக்கும். இன்சுலினும் அதோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடும் அப்படியல்ல. பல ஹார்மோன்கள் கலந்த குப்பிக்கு நம் நடைமுறை ஏட்டில் ஒரே ஆயுளை எழுதி வைப்பது எப்படிச் சரியாகும்? அட்டையில் அச்சிட்ட காலாவதி நாள் திறக்காத குப்பிக்குத்தான். மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கான, 2022-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 15189 தரநிலைகூட, அளக்கும் பொருளைப் பொறுத்தே கண்ட்ரோலின் நிலைத்தன்மையைப் பார்க்கச் சொல்கிறது.

வீணாகும் ஓர் இரவைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. கண்ட்ரோல் சிதைந்து இறங்கும் அதே நாள்களில் கருவி மேல்நோக்கி நகர்ந்தால், ஒரு பிழை மற்றதை மறைத்துவிடும். வரைபடம் அழகாக இருக்கும். நோயாளியின் எண் மட்டும் கூடுதலாக வெளியே போகும். கார்ட்டிசால் மிகுந்த ஒருவருக்குக் கோளாறு அட்ரினலிலா பிட்யூட்டரியிலா என்று மருத்துவர் பிரித்தறிய முக்கியமாக நம்பியிருப்பது அந்த ஏசிடிஎச் எண்ணைத்தான்.

ஆகவே, திறந்தபின் எத்தனை நாள் என்பதை ஹார்மோன்வாரியாக எழுதுங்கள். உற்பத்தியாளரின் தாளோடு நில்லாமல், பழைய குப்பியையும் புதியதையும் அருகருகே வைத்து நம் ஆய்வுக்கூடத்திலேயே சரிபாருங்கள். கரைத்ததைச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைத்தால், ஒருமுறை உருகியதை மறுபடி உறைய விடாதீர்கள். தானாகப் பனி உருக்கும் ஃபிரீசர் இதற்கு உதவாது. ஒவ்வொரு முறையும் உள்ளே சூடேறி இறங்கும். ஈரத்தில் அழியாத பேனாவும் ஒட்டுத்தாளும் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று. இரவில் தனியாக நிற்கும் ஊழியர் சந்தேகம் வந்தால் யாரையும் எழுப்பிக் கேட்காமல் புதுக் குப்பி திறக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். விலை உயர்ந்த பொருள் என்பதால் பலரும் தயங்குகிறார்கள். அன்றிரவு நான் தாமதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்புடன்,
ஓர் ஆய்வுக்கூட ஊழியர்