அங்கோலாவின் எண்ணெயும் நம் ஊர்க் கல்லும்

கிருஷ்ணகிரி

அன்புள்ள முருகேசனுக்கு,

பென்னாகரத்திலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அங்கோலாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் சேர்ந்திருக்கும் உன் மகன், "இத்தனை பணம் புரளும் நாட்டில் செய்தித்தாள்கள் ஏன் வாய் திறப்பதில்லை?" என்று கேட்டதாக எழுதியிருந்தாய். மூன்று நாட்களாக அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

மக்களின் வரியை நம்பி நடக்கும் அரசுக்கு அவர்களுடைய உழைப்பு வேண்டும். எந்த அதிகாரி பணத்தைச் சுருட்டுகிறார், எந்த ஊரில் வேலை நடக்கவில்லை என்று சொல்ல ஒரு பத்திரிகையும் வேண்டும். கடலடியிலிருந்து எண்ணெய் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தேவை அற்றுப்போய், பத்திரிகையின் மீதான அச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. எகோரோவ், குரீவ், சோனின் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2009இல் பல நாடுகளை ஒப்பிட்டு, எண்ணெய் மிகுந்த நாடுகளில் ஊடகச் சுதந்திரம் குறைவு என்றும், சர்வாதிகார ஆட்சிகளில் இந்த விளைவு இன்னும் கடுமை என்றும் காட்டினார்கள்.

அங்கோலாவின் பத்திரிகையாளர் ரஃபேல் மார்க்கெஸ், வைரச் சுரங்கப் பகுதிகளில் நடந்த கொலைகளையும் சித்திரவதைகளையும் 2011இல் நூலாக எழுதினார். 2015 மே மாதம் அவதூறு வழக்கில் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள். நைஜீரியாவில், ஒகோனி மக்களின் நிலம் எண்ணெயால் பாழாவதை எழுதியும் பேசியும் வந்த கென் சாரோ-விவாவை 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டே விட்டார்கள்.

சிறையும் தூக்கும் இல்லாமலும் வாயை அடைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். நான் ஒரு வார இதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தபோது, கிரானைட் குவாரி வெடியால் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்ட ஊரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அந்த வாரம் என் செய்தி வரவில்லை. பின்னட்டையில் அந்தக் குவாரிக்காரரின் பொங்கல் வாழ்த்து விளம்பரம் வந்தது. சுவரைத் தடவிக் காட்டிய பாட்டியின் முகத்தில் விழிக்க அதன் பிறகு எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனாலும் எண்ணெயின் மீதே முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. நார்வேக்கும் 1969இல் எண்ணெய் கிடைத்தது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1814ஆம் ஆண்டு அரசியலமைப்பில், அச்சுச் சுதந்திரத்தை எழுதிவைத்திருந்த நாடு அது. கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே பணத்துக்கு முந்தி வந்துவிட்டது.

அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் பலரும் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் குடிக்கிறார்கள். லாரி வராத நாளைப் பற்றியாவது அங்குள்ள தாள்கள் எழுதுகின்றனவா என்று உன் மகனிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
கோவிந்தராஜ்