வளைவின் வெளிப்பக்கத்தில் யாரை நிறுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்காவின் டலடேகா ஓடுபாதையில் நடைபெறும் ஸ்டொக் கார் பந்தயம் (வீதியில் ஓடும் கார்களின் தோற்றத்தில் கட்டப்பட்ட பந்தயக் கார்களின் ஓட்டம்) பற்றி வெளியான கட்டுரையையும், நமது மலையகப் போட்டிகளும் அந்த வேகத்தை எட்ட வேண்டும் என்று அதையொட்டி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். அட்டனில் முப்பது வருடங்களுக்கு மேலாக வாகனம் திருத்தும் கராஜ் நடத்தியவன் என்ற முறையிலும், சிறுவயது முதல் ஏப்ரல் சீசனில் பஸ் ஏறி நுவரெலியாவுக்குக் காரோட்டம் பார்க்கப் போய்வருபவன் என்ற முறையிலும், அந்த வாசகரின் கண்ணில் படாமல் போன ஒரு விடயத்தைக் கூற விரும்புகிறேன்.

1969 இல் திறக்கப்பட்ட டலடேகா ஓடுபாதையின் சுற்றளவு 2.66 மைல், அதாவது ஏறக்குறைய 4.28 கிலோமீற்றர். அதன் வளைவுகள் 33 பாகை சாய்த்துக் கட்டப்பட்டவை. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு நம் பெண்கள் ஏறும் மலைச்சரிவை நினைத்துக்கொண்டு, அதன்மேல் தார் போட்டிருப்பதாகக் கற்பனை செய்தால் சரியாக இருக்கும். 1987 இல் பில் எலியட் என்ற ஓட்டுநர் தகுதிச் சுற்றில் அங்கே மணிக்கு 212.809 மைல் வேகத்தில் ஓடினார். விநாடிக்கு 95 மீற்றர் என்று கணக்கு வருகிறது. வாசகர் வியந்து எழுதியிருப்பது இந்தச் சாதனையைத்தான். அது இன்றுவரை முறியடிக்கப்படவில்லை என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். ஏன் முறியடிக்கப்படவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. முறியடிக்க ஓட்டுநர்களுக்கு இடம் கொடுக்கப்படவில்லை என்பதே காரணம்.

அந்தச் சாதனை நிகழ்ந்த சில நாட்களிலேயே, அதே பாதையில் நடந்த பந்தயத்தில் பொபி அலிசனின் காரில் டயர் வெடித்தது. கார் பின்புறமாகத் திரும்பி, நிலத்தை விட்டெழுந்து, பார்வையாளர்களுக்கு முன்னால் இருந்த கம்பி வேலியில் மோதி அதைக் கிழித்தது. வேலி அறுந்தாலும் காரைத் திரும்பப் பாதைக்கே தள்ளிவிட்டது. பார்வையாளர்கள் சிலர் சிதறிய துண்டுகளால் காயமடைந்தார்கள், ஒருவரும் உயிரிழக்கவில்லை. முன்னால் ஓடிக்கொண்டிருந்த பொபியின் மகன் டேவி அலிசன் அதைக் கண்ணாடியில் பார்த்தார். பின்னர் அந்தப் பந்தயத்தில் வென்றவரும் அவரே. அந்த வேலி மேலும் சற்றுத் தளர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை ஏற்பாட்டாளர்கள் உணர்ந்தார்கள். அடுத்த வருடமே டலடேகாவிலும், அதைப் போன்ற மற்றொரு வேகப் பாதையான டேடோனாவிலும், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டருக்கும் அந்தக் கலவையை இன்ஜினுக்குள் கொண்டுசெல்லும் மெனிபோல்டுக்கும் இடையில் நான்கு துளைகளிட்ட ஒரு தகட்டை வைக்கச் சொன்னார்கள். துளை சிறிதானால் உள்ளே போகும் காற்றும் பெற்றோலும் குறையும், இன்ஜினின் வலுவும் குறையும். கராஜில் வளர்ந்த எந்தப் பொடியனுக்கும் இது விளங்கும். இப்போது அந்தத் தகட்டின் இடத்தில் வேறு வகைச் சாதனம் வந்துவிட்டது, நோக்கம் மாறவில்லை.

வேகமாகப் போகும் கார் ஏன் மேலெழுகிறது என்று வெளியூர்க்காரர் கேட்கலாம், நமக்கு அது புதிதன்று. ஜூன், ஜூலைக் காற்றில் லயத்துக் கூரைத் தகரம் எப்படிக் கிளம்பிப் போகிறது என்பதைப் பார்த்தவர்கள் நாம். தகரத்தின்மேல் நாம் கல்லைத் தூக்கி வைக்கிறோம். அவர்கள் 1994 முதல் காரின் கூரையில் மடிப்புத் தகடுகளைப் பொருத்தினார்கள். கார் பின்புறமாகத் திரும்பியவுடன் அவை தாமாகவே நிமிர்ந்து, காரைத் தூக்கும் காற்றோட்டத்தைக் குலைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே ஆபத்து ஒழிந்துவிடவில்லை. 2009 இல் டலடேகாவில் கார்ல் எட்வர்ட்ஸின் கார் கடைசிச் சுற்றில் பறந்து வேலியில் மோதியது. 2013 இல் டேடோனாவில் கைல் லார்சனின் கார் வேலியில் மோதியபோது, சக்கரமொன்றும் இன்ஜினும் வேலியைத் துளைத்துச் சென்றதில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் காயமடைந்தார்கள். வலுவைக் குறைத்ததால் எல்லாக் கார்களும் ஒரே வேகத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன என்பதும், ஒன்று தடுமாறினால் பத்துப் பதினைந்து கார்கள் சேர்ந்து நொறுங்குகின்றன என்பதும் ஓட்டுநர்களின் பழைய முறைப்பாடு. அது நியாயமான முறைப்பாடுதான். ஆயினும் என் மனம் ஏற்பாட்டாளர்களின் பக்கமே சாய்கிறது. ஓட்டுநர் இரும்புக் கூண்டுக்குள், வார்ப்பட்டி கட்டி, ஆபத்தைத் தெரிந்தே அமர்ந்திருக்கிறார். வேலிக்கு அப்பால் கடலை கொறித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கூண்டு இல்லை.

இனி நம்மிடம் வருவோம். நுவரெலியா மாகாஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றக் காரோட்டம் நடக்கிறது. கார்கள் ஒவ்வொன்றாக நேரத்தை எதிர்த்து ஏறுகின்றன. டலடேகாவின் வேகம் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் கனவிலும் வராது. வேகம் குறைவு என்பதாலேயே ஆபத்தும் குறைவு என்று நாம் தப்பாக எண்ணிக்கொள்கிறோம். மலைநாட்டில் நடந்த ஒரு போட்டியில், இருபது வயதுப் பொடியனாக, நான் ஒரு வளைவின் வெளிப்பக்கத்தில் நின்றேன். கார் சறுக்கித் திரும்புவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். எனக்கும் பாதைக்கும் இடையில் இருந்தது ஒரு நைலோன் கயிறு. விசில் ஊதினால் கூட்டம் இரண்டடி பின்வாங்கும், ஊதியவர் திரும்பியதும் மூன்றடி முன்னே வரும். ஒரு கார் வளைவில் அகலமாக விலகியபோது சரளைக்கல் ஒன்று என் முழங்காலில் பட்டது. அன்று அதைப் பெருமையாகக் காட்டித் திரிந்தேன் என்பதை இப்போது வெட்கத்துடன் எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் மோதி, போட்டி உதவியாளர்களும் பார்வையாளர்களும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியுமாக ஏழு பேர் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதுவருட விடுமுறையில் குடும்பம் குடும்பமாகப் போன கூட்டம் அது. அந்த நாளுக்குப் பிறகும் ‘இன்னும் வேகம்’ என்று கேட்கும் கடிதம் ஒன்று அச்சாகியிருப்பதுதான் என்னை எழுத வைத்தது.

கம்பி வேலியும் உருக்குத் தூண்களும் பெருஞ்செலவு. தேயிலைக்கு நடுவே செல்லும் தோட்டப் பாதையில் அவற்றை நட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எவரும் எங்கே நிற்கக் கூடாது என்று முடிவு செய்யப் பெரும்பணம் வேண்டியதில்லை. வளைவின் வெளிப்பக்கத்தை முழுவதும் மூடிவிட்டு, பார்வையாளர்களைப் பாதைக்கு மேலே உயர்ந்த மண்மேடுகளில் மட்டும் அனுமதிக்க வேண்டும். தன் வளைவில் ஆள் இல்லை என்று ஒவ்வொரு கண்காணிப்பாளரும் வாக்கி டோக்கியில் உறுதி கூறும் வரை ஒரு கார்கூடப் புறப்படக் கூடாது. கூட்டம் கயிற்றைத் தாண்டினால் போட்டியை நிறுத்திவிட வேண்டும். பின்வாங்கும்படி ஒலிபெருக்கியில் கெஞ்சிக்கொண்டே அடுத்த காரை அனுப்பும் வழக்கம் போதும்.

வரும் சீசனுக்கு என் பேரனை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். எந்த வளைவில் நிற்கலாம் என்று அவன் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டான். ஏற்பாட்டாளர்கள் இடங்களைக் குறித்த வரைபடமொன்றைப் போட்டிக்கு முந்திய வாரத்தில் தங்கள் பத்திரிகையிலேயே வெளியிட்டால், அவனுக்குக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாகனத் திருத்துநர் ஒருவர்,
அட்டன்.