'இன்னொரு பெண்'ணுக்குப் பெயர் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் சிறப்பிதழில் டாக்டர் காதம்பினி கங்கூலி பற்றிய கட்டுரையை ஆசையோடுதான் படிக்க ஆரம்பித்தேன். "1883-இல் காதம்பினியும் இன்னொரு பெண்ணும் பட்டம் பெற்றார்கள்" என்ற வரி வந்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். அந்த 'இன்னொரு பெண்' சந்திரமுகி பாசு, காதம்பினியோடு சேர்ந்து இந்தியாவின் முதல் பெண் பட்டதாரி ஆனவர். உங்களுக்குத் தெரியாத பெயரா? காதம்பினியின் கணவர் துவாரகாநாத்துக்கு இரண்டு பத்தி கொடுத்திருக்கிறீர்கள். அவர் பெண் கல்விக்காகப் போராடியவர், கொடுக்க வேண்டியதுதான். கூடப் படித்தவளுக்கு ஒரு பெயர் கொடுக்கக் கூடாதா?

சந்திரமுகியின் பெயர் விடுபடுவது இது முதல் தடவையும் இல்லை. 1876-இல் டேராடூனிலிருந்து கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதினார். தேறும் அளவுக்கு எழுதியிருக்கிறார் என்றார்கள், ஆனால் தேறியவர்கள் பட்டியலில் பெயரைச் சேர்க்கவில்லை. காரணம், அப்போது பெண்களுக்கு அதில் இடமே இல்லை. விதி மாறி, 1878-இல் கல்கத்தா பெத்தூன் பள்ளியிலிருந்து காதம்பினி தேறினார். 1849-இல் தொடங்கிய அந்தப் பள்ளி இந்துப் பெண்களை மட்டும் சேர்த்தது. சந்திரமுகி கிறிஸ்தவர். பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. படிப்பை வேறு இடத்தில் முடித்து, பி.ஏ.வுக்குத்தான் உள்ளே வர முடிந்தது. அப்படி வந்தவர் 1884-இல் எம்.ஏ.வும் முடித்தார். 1888-இல், அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த பெத்தூன் கல்லூரிக்கே முதல்வர் ஆனார்! இதற்கு ஒரு வரி இல்லையா?

எண்பதுகளில் என் கணவருக்குக் கல்கத்தாவில் வேலை. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். மாடி வீட்டு மாசிமா (வங்காளத்தில் சித்தி, பெரியம்மாவை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) பெத்தூனில் படித்தவர். ஒருநாள் என்னை டிராமில் ஏற்றி, ஹெதுவா குளத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டினார். அங்கே படித்த காதம்பினி, சந்திரமுகி, கவிஞர் காமினி ராய், அபலா போஸ் என்று சொந்த அத்தைமார் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். அபலாவைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்க மறுத்ததால், 1882-இல் அவர் படிக்க வந்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு. தமிழ்ப் பத்திரிகை இதை விடலாமா?

எனக்கு ஏன் இவ்வளவு பொறுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் படித்து முதன்முதலாக பி.எஸ்சி. முடித்தவர்கள் நானும் என் தோழியும். அவள் இன்று உயிரோடு இல்லை. பள்ளியின் ஆண்டுவிழா மலரில் எங்கள் படத்தைப் போட்டார்கள். நடுவில் நின்ற சிறப்பு விருந்தினரின் மனைவி பெயர் இருந்தது, அவர் கணவரின் பதவியும் இருந்தது. எங்களுக்குக் கீழே 'மாணவியர் இருவர்' என்று போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டேன், அந்த மலரை இன்னும் யாரிடமும் காட்டியதில்லை.

போன வருடமும் உங்களுக்கு எழுதினேன். மகளிர் சிறப்பிதழ் என்றால் பாதிப் பக்கம் சமையல் குறிப்புதானா என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை, பரவாயில்லை. ஆனால் பெண்களைப் பற்றி எழுதும்போது பத்திரிகைக்குப் பொறுப்பு உண்டு என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? மருத்துவம் பார்க்கப் போன காதம்பினியை 'பங்கவாசி' பத்திரிகை 1891-இல் நடத்தை கெட்டவள் என்று எழுதியது. அவர் வழக்குப் போட்டார், ஆசிரியர் சிறைக்குப் போனார். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை, தெரியும். பெயரை விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: "இந்தியாவின் முதல் இரண்டு பெண் பட்டதாரிகள் காதம்பினி கங்கூலி, சந்திரமுகி பாசு." இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த வரியை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கும்பகோணம்