பிரையன்ட்டா, சேபனா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அலபாமா பல்கலைக்கழகத்தின் இரு பெரும் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர்களில் யார் பெரியவர் என்பதை, சாம்பியன் பட்டக் கணக்கை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமில்லை. பேர் பிரையன்ட்டுக்கு 6 தேசியப் பட்டங்கள். நிக் சேபனுக்கு, எல்எஸ்யுவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வென்றதையும் சேர்த்து 7. சரி, ஆனால் 1964 சீசனில் பிரையன்ட் அணிக்கு, பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் நடத்தும் வாக்கெடுப்பிலேயே பட்டம் கிடைத்துவிட்டது. அப்புறம்தான் சீசனின் கடைசி ஆட்டமான ஆரஞ்சு பவுல். கோல் கோட்டருகே அலபாமாவின் ஜோ நேமத்தை மடக்கிப் பிடித்து, டெக்சாஸ் 21–17 என வென்றது. சேபனுக்கோ கடைசி ஆட்டத்தை ஜெயித்தால்தான் பட்டம். அவர் காலத்தில் ஒரு அணி படிப்பு உதவித்தொகை கொடுக்க முடிந்ததும் 85 வீரர்களுக்குத்தான். பிரையன்ட்டின் தொடக்க ஆண்டுகளில் தேசிய அளவில் அந்த வரம்பே கிடையாது. கோபுரத்தில் ஏறி நின்று பயிற்சியைக் கவனித்த பிரையன்ட் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. இருந்தாலும் என் ஓட்டு சேபனுக்கே.

– ஒரு வாசகர்