வீட்டாருக்கும் ஒரு கூட்டம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குடிநோய் பற்றிய கட்டுரைகள் எல்லாம் குடிப்பவரோடு நின்றுவிடுகின்றன. அவருக்காகப் பொய் சொல்லி விடுப்புக் கேட்கும் மனைவியையும், கடனை அடைத்தே ஓய்ந்துபோன தகப்பனையும் யாரும் விசாரிப்பதில்லை.

குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், தோழி ஒருவருடன் சேர்ந்து 1951-இல், குடிப்பவரின் வீட்டார் கூடிப் பேசும் அல்-அனான் அமைப்பைத் தொடங்கியது இவர்களுக்காகத்தான். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் இருக்கிறது. போதைப்பொருளால் அவதிப்படும் குடும்பங்களுக்கு நார்-அனான். கட்டணம் கிடையாது. முழுப்பெயர் சொல்ல வேண்டாம், பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். 'இந்த நோயை நான் உண்டாக்கவில்லை. என்னால் இதைக் கட்டுப்படுத்தவோ குணப்படுத்தவோ முடியாது' என்பது அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு. என்னால்தான் குடிக்கிறார் என்று வருடக்கணக்கில் தன்னையே நொந்துகொண்ட பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

குடிப்பவர் குடியை நிறுத்தாவிட்டாலும் வீட்டார் போகலாம். இதுதான் பலருக்குத் தெரியவில்லை. (அடி உதை நடக்கும் வீட்டுக்குக் கூட்டம் மட்டும் போதாது, முதலில் பாதுகாப்பு வேண்டும்.)

குடிநோய் பற்றிய செய்திகளுக்குக் கீழே இக்கூட்டங்கள் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் தாங்கள் தவறாமல் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்