கதையில்லாக் குறும்படமும் எடிட்டிங் பாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இப்பகுதியில் வெளிவந்த வாசகர் கடிதமொன்றில், கல்லூரி மாணவர்கள் எடுக்கும் சோதனைக் குறும்படங்களுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை என்றும், கணினியில் பொத்தானைத் தட்டப் பழகியதையே எடிட்டிங் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள் என்றும், ஆகவே போட்டிகளில் கதையும் வசனமும் நல்ல கருத்தும் உள்ள படங்களை மட்டுமே ஏற்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. அத்தகைய படம் ஒன்றை இவ்வாண்டு எடுத்து, அத்தகைய விதி ஒன்றினாலேயே ஒரு போட்டியின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவள் நான். அந்த ஆதங்கம் எனக்கு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆயினும் அந்தப் படத்தை வெட்டித் தொகுத்த நான்கு மாதங்களில் கற்றுக்கொண்ட அளவுக்கு, அதற்கு முந்தைய இரண்டு பருவங்களின் வகுப்புகளில் நான் கற்கவில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

படம் ஆறு நிமிடம். மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ்டவுனில், 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கு அருகே, என் பாட்டி விடியற்காலையில் அமர்ந்து பூக்கட்டுவதுதான் படம் முழுவதும். வசனம் இல்லை, பின்னணிக் குரலும் இல்லை. இதற்காக நான் பதிவு செய்தது மூன்று மணி நாற்பது நிமிடம். அதாவது திரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏறத்தாழ 37 நிமிடப் பதிவு.

முதல் அடி தொழில்நுட்பத்தில் விழுந்தது. பாட்டியின் தலைக்கு மேல் எரிந்தது நாம் கலிமந்தாங் என்று சொல்லும் குழல்விளக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவ்விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கி எரிகிறது. நான் படமெடுத்த கைப்பேசியோ நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப்படங்கள், ஒவ்வொன்றிலும் ஒளி விழும் நேரமான ஷட்டர் அறுபதில் ஒரு பங்கு நொடி என்ற கணக்கில் ஓடியது. விளைவாக, முதல் நாள் பதிவு முழுவதிலும் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக நகர்ந்தன. மறுநாள் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியாக மாற்றி, 25 ஃபிரேமில் எடுத்ததும் பட்டைகள் மறைந்தன. அடுத்த தொல்லை ஒலி. தனிக் கருவியில் பதிந்த ஒலியைப் படத்தோடு சேர்த்தபோது, தொடக்கத்தில் பொருந்தியது இருபதாவது நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு நொடி விலகி நின்றது; கோயில் மணியின் நாக்கு அசைவதற்கு முன்பே ஓசை வந்தது. கைப்பேசி தன் வசதிக்கேற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிகிறது என்பதும், எடிட்டிங்கில் கை வைப்பதற்கு முன்னரே எல்லாக் கோப்புகளையும் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் அதைச் செய்து கொடுத்தது; அன்று இரவு முழுவதும் மடிக்கணினி அடுப்பாகக் கொதித்ததுதான் செலவு.

இவை பொத்தான் சங்கதிகள் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையான பாடம் அதற்குப் பிறகு வந்தது. நான் முதலில் கோத்த வடிவம் பத்தொன்பது நிமிடம் ஓடியது. கதை இருந்திருந்தால், கதைக்குத் தேவையில்லாததை நீக்கு என்ற ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு பாதியைக் கழித்திருப்பேன். கதை இல்லாததால், ஒவ்வொரு துண்டையும் ஏன் வைத்திருக்கிறேன், ஏன் இத்தனை ஃபிரேம் வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பாட்டி இரண்டிரண்டு மொட்டுகளாக எதிரும் புதிருமாக வைத்து, நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார். முடிச்சு இறுகிய பிறகு வெட்டினால் காட்சி செத்துப்போகிறது. நூல் இறுகத் தொடங்கும் கணத்தில், நான்கைந்து ஃபிரேம் முன்னதாக வெட்டினால், அந்த இழுப்பே கண்ணை அடுத்த காட்சிக்குக் கொண்டுபோகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. கோயில் மணியோசையைக் காட்சிக்குப் பன்னிரண்டு ஃபிரேம் முன்பே நுழைய விட்டால், அதாவது அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக, பார்ப்பவர் தாமாகவே கோயிலை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். இதற்கு ஜே கட் என்று பெயர் இருப்பது எனக்கு முன்பே தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரஷ்யாவில் புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில், புதிய படச்சுருள் அரிதாக இருந்த காலத்தில், லெவ் குலெஷோவ் என்பவர் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி என வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்ட, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் கண்டார்கள் என்று சொல்வார்கள். பாட்டி தலைநிமிர்ந்து பார்க்கும் மூன்று நொடித் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதை ஒரு முறை கரையை விட்டு விலகும் பட்டர்வொர்த் ஃபெரியோடும், ஒரு முறை தாத்தா உட்காரும் காலி முக்காலியோடும், ஒரு முறை டப்பாவில் விழும் சில்லறையோடும் சேர்த்து மூன்று தோழிகளுக்குத் தனித்தனியே காட்டினேன். முதலாமவள், பாட்டி யாரையோ வழியனுப்புகிறார் என்றாள். இரண்டாமவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். மூன்றாமவள், வியாபாரம் சரியில்லையா என்று கேட்டாள். உண்மையில் அப்போது பாட்டி பார்த்தது, கடைக்கு எதிரே தாறுமாறாக நிறுத்தப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளை.

தலையும் வாலும் இல்லாத படம் இக்காலத்துப் பிள்ளைகளின் மோகம் அன்று. சோவியத் இயக்குநர் ஜிகா வெர்தோவ் 1929இல் கதையும் நடிகர்களும் இன்றி, காட்சிகளுக்கு நடுவே வசனத்தையோ விளக்கத்தையோ எழுதிக் காட்டும் இடையெழுத்து அட்டைகளும் இன்றி ஒரு முழுநீள மௌனப் படத்தை வெளியிட்டார்; அதைத் தொகுத்த எலிசவெத்தா ஸ்விலோவா, படச்சுருளைத் தரம் பிரித்து வெட்டுவதையும் அந்தப் படத்துக்குள்ளேயே பார்க்கலாம்.

கடிதம் எழுதிய ஐயாவின் குறை முற்றிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். கேமரா நடுங்குவதையும் ஒலி இரைவதையும் சோதனை என்ற பெயரில் ஒளித்துவைக்கும் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். என் வகுப்பிலேயே இரண்டு உண்டு. புரியாமையைத் திறமையாகக் காட்டுவது எளிது. ஆனால் கதை கேட்கும் விதி அவர்களைத் தடுக்காது. அவர்கள் ஒரு விபத்தையும் ஓர் அம்மாவின் கண்ணீரையும் சேர்த்துக்கொண்டு, இறுதியில் போதைப்பொருள் வேண்டாம் என்று ஒரு வரி போட்டு உள்ளே நுழைந்துவிடுவார்கள்.

முடித்த படத்தை முதலில் பார்த்தவர் பாட்டிதான். வரவேற்பறையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆறு நிமிடமும் வாய் திறக்காமல் பார்த்தார். பிறகு, "அது எப்படிம்மா, ஒரு முழம் கட்டியிருந்த சரம் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள அரை முழமாச்சு?" என்று கேட்டார். நான்காவது நிமிடத்தில் வெவ்வேறு நாள்களில் எடுத்த இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து ஒட்டியிருந்தேன். என் விரிவுரையாளரும் நானும் பலமுறை ஓட்டிப் பார்த்தும் எங்கள் கண்ணில் படாத பிழை அது. அதைச் சரிசெய்ய மேலும் இரண்டு நாள் பிடித்தது.

போட்டி நடத்தும் நம் அமைப்புகளிடம் என் வேண்டுகோள் சிறியது. கதைப் படங்களுக்கான பரிசுகள் இருந்தபடியே இருக்கட்டும். அவற்றின் பக்கத்தில் சோதனைப் படத்துக்கென ஒரு பிரிவைச் சேர்த்து, அதற்குப் படம் அனுப்பும் மாணவர் தாம் முதலில் கோத்த நீண்ட வடிவத்தையும் உடன் அனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள். இரண்டையும் அருகருகே ஓட்டினால், எதை ஏன் வெட்டினார் என்று நடுவர்கள் அவரிடமே கேட்கலாம். பொத்தான் மட்டும் தட்டியவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். கடிதம் எழுதிய ஐயா பினாங்கில் இருப்பாரானால், என் பத்தொன்பது நிமிடத்தையும் ஆறு நிமிடத்தையும் அவருக்குப் போட்டுக்காட்ட, அவர் சொல்லும் நாளில் மடிக்கணினியோடு வர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
திரைக்கலை மாணவி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு